கால் ஊற வைக்கிற உப்பு

அக்காவுக்கு வணக்கம்,

ரெண்டு வாரமா வீட்லயே பாத் சால்ட் பண்ணிட்டு இருக்கேன். எப்சம் சால்ட் ரெண்டு கப், கல் உப்பு ஒரு கப், கொஞ்சம் பேக்கிங் சோடா, காய்ஞ்ச ரோஜா இதழ், அப்புறம் எசென்ஷியல் ஆயில்: பட்டை 15 சொட்டு, எலுமிச்சை 15, பெப்பர்மின்ட் 10. வாசனை சூப்பரா இருக்கு. ஆனா நாலே நாள்ல ஜாடிக்குள்ள பாறை மாதிரி கட்டி தட்டிடுது, ஸ்பூன் இறங்க மாட்டேங்குது. ஓவன்ல வெச்சு காய வெச்சேன், இன்னும் மோசமாச்சு. என்ன பண்ணலாம்? கலர் சேர்க்கலாமா? இது உடம்புல இருக்கிற டாக்ஸின் எல்லாம் எடுத்துடும், தோல் வழியா மெக்னீசியம் உள்ள போகும்னு சொல்றாங்களே, உண்மையா? அம்மா பிறந்தநாளுக்கு ஒரு பெரிய ஜாடி குடுக்கப்போறேன். அவங்களுக்கு சுகர் இருக்கு, ராத்திரியானா கால் எரியுது, மரத்துப்போகுதுன்னு சொல்வாங்க. டெய்லி சுடுதண்ணில இதைப் போட்டு ஊற வெச்சா நல்லா இருக்கும்ல? எல்லாம் இயற்கைதானே, பயமில்லை.

ர.

அன்புள்ள ர.,

கடைசி மூணு வரியைத்தான் நீ முதல்ல எழுதியிருக்கணும். அந்த ஜாடியை அம்மாகிட்ட குடுக்காதே. ஏற்கனவே குடுத்துட்டேன்னா இன்னைக்கே திருப்பி வாங்கிடு, மத்ததெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம்.

நீ கேட்டதுக்கு சட்டுனு பதில் சொல்லிடறேன். கட்டி தட்டுறதுக்குக் காரணம் ஈரம். கல் உப்புல கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும், அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், அதோட நீ நல்லா காயாத இதழையும் போட்டு, ஈரக்கையோட ஸ்பூனையும் விட்டா பாறை ஆகாம என்ன ஆகும். ஓவன்ல வெச்சது தப்பு. எப்சம் சால்ட்னா மெக்னீசியம் சல்ஃபேட், அதோட ஒவ்வொரு மூலக்கூறோடயும் ஏழு தண்ணி மூலக்கூறு ஒட்டிக்கிட்டு இருக்கு, எடையில பாதிக்கு மேல தண்ணிதான், பார்க்க காய்ஞ்சு தெரிஞ்சாலும். அதைச் சூடு பண்ணா அந்தத் தண்ணி வெளிய வந்து உப்பையே நனைச்சு இறுக்கிடும். கல் உப்பை மட்டும் தனியா காய வெச்சு நல்லா ஆறின பிறகு கலந்துக்கோ, கண்ணாடி ஜாடியில போடு, இரும்பு மூடி வேண்டாம், உப்பு அரிச்சுடும். இதழ் போட்டே ஆகணும்னா மெல்லிசு துணியில மூட்டையா கட்டிப் போடு, இல்லாட்டி தண்ணியில நனைஞ்சு பழுப்பாகி கால்ல ஒட்டிக்கும். கலர் வேண்டாம், உப்பு அதோட நிறத்துலயே அழகா இருக்கு.

டாக்ஸின் விஷயத்தைப் பத்தி நான் பேசவே போறதில்லை. கல்லீரலும் கிட்னியும் ராப்பகலா அந்த வேலையைத்தான் பார்த்துட்டு இருக்கு, ஒரு பேசின் உப்புத்தண்ணி அதைச் செய்யாது. மெக்னீசியம் தோல் வழியா உடம்புக்குப் போதுமான அளவு போகுதுங்கிறதுக்கும் உருப்படியான ஆதாரம் கிடையாது. சுகமா இருக்கு இல்லையா, அது வெதுவெதுப்பான தண்ணியோட சுகம், உட்கார்ந்து ஓய்வெடுக்கிற சுகம், அது போதும், அதுக்கு மேல பொய் சேர்க்க வேண்டியதில்லை. பேதி உப்புன்னு நம்மாளுங்க சொல்றதும் இதே எப்சம் சால்ட்தான். இங்கிலாந்துல எப்சம்ங்கிற ஊர் ஊத்துத் தண்ணியில இருந்து எடுத்ததால அந்தப் பேரு, நெஹெமையா க்ரூன்னு ஒரு டாக்டர் 1695லயே இதைப் பத்தி எழுதி வெச்சிருக்கார், அப்போ வயித்தைக் கழுவத்தான் குடிச்சாங்க. அதனால சின்னப் பசங்க கைக்கு எட்டாத இடத்துல வை.

இப்போ விஷயத்துக்கு வரேன். உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததுக்குக் காரணமே வேற. போன வாரம் அலமாரி ஒழிக்கும்போது எங்கம்மாவோட காட்டன் சாக்ஸ் ஒரு ஜோடி கையில கிடைச்சுது, எலாஸ்டிக்கை நானே வெட்டி லூசாக்கினது. அதைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அப்படியே தரையில உட்கார்ந்திருந்தேன், அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு உன் கடிதம் வருது.

முதல்ல ஒண்ணு செஞ்சு பாரு, இன்னைக்கு ராத்திரியே. ஒரு கண்ணாடி டம்ளர்ல வெதுவெதுப்பான தண்ணி எடு, உன் ஜாடியில இருந்து ஒரு ஸ்பூன் உப்பு போடு, நல்லா கலக்கு, உப்பு கரையுற வரைக்கும் கலக்கு. ரெண்டு நிமிஷம் விட்டுட்டு டம்ளரை விளக்குக்கு நேரா தூக்கிப் பக்கவாட்டுல பாரு. மேல சின்னச் சின்ன வட்டமா பளபளன்னு மிதக்குதா? அதுதான் உன் பட்டை எண்ணெயும் எலுமிச்சை எண்ணெயும். உப்பு கரைஞ்சு போச்சு, எண்ணெய் கரையலை, கரையாது. உப்போட கலந்தாச்சு அதனால எண்ணெய் நீர்த்துப் போச்சுன்னு நினைக்கிறோம் பாரு, அது வெறும் நினைப்பு. உப்பு மேல எண்ணெய் பூசிக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். உப்பு கரைஞ்சதும் எண்ணெய் தனியா மேல வந்துடும், அந்த நேரத்துல தண்ணிக்குள்ள இருக்கிற கால்ல நீர்க்காத எண்ணெய் அப்படியே ஒட்டும். அதுவும் பெரிய டப்னா கூட பரவாயில்லை, நீ சொல்றது கால் பேசின், நாலு லிட்டர் தண்ணி. தண்ணி மட்டம் எங்க இருக்கோ சரியா அந்தக் கோட்டுல எண்ணெய் படலம் காலைச் சுத்தி நிக்கும்.

பால்ல கலந்தா போதும், தேன்ல கலந்தா போதும்னு சொல்வாங்க, அதெல்லாம் நம்பாதே. தேங்காய் எண்ணெய், ஜோஜோபா எண்ணெய்ல கலந்தா காட்டம் குறையும், ஆனா அதுவும் மிதக்கத்தான் செய்யும், தரை வழுக்கும். தண்ணியோட சேரணும்னா வாசனை இல்லாத லிக்விட் சோப்புல கலக்கணும், இல்லாட்டி எண்ணெயைத் தண்ணியோட சேர்த்து வைக்கிற பாலிசார்பேட் 20 மாதிரி ஒண்ணு வேணும். அதனால நான் எப்பவும் சொல்றது, ஜாடிக்குள்ள எண்ணெயே போடாதே. உப்பை வெறும் உப்பா வை. குளிக்கப் போகும்போது ஒரு ஸ்பூன் சோப்புல ரெண்டு மூணு சொட்டு கலந்து தண்ணியில விடு, முழு டப்புக்கு அஞ்சு சொட்டு தாராளம். எண்ணெய் ஜாடிக்குள்ளயே இருந்து நாள்பட கெட்டுப்போற பிரச்சனையும் இல்லை. லாவெண்டர்ல இருக்கிற லினலூல், எலுமிச்சையில இருக்கிற லிமொனீன், ரெண்டும் காத்து பட்டா மாறிடும், மாறின பிறகுதான் தோலுக்கு அலர்ஜி அதிகமா வரும், பாட்டில் திறந்த தேதியை ஒட்டி எழுதி வை.

பட்டை எண்ணெய் 15 சொட்டா? ர., நீ எனக்கு ரொம்பப் பிடிச்ச பொண்ணு, உன் கடிதம் எல்லாத்தையும் எடுத்து வெச்சிருக்கேன், ஆனா இதைப் படிச்சதும் கோபம் வந்துடுச்சு. பட்டை எண்ணெய்ல பெரும்பங்கு சின்னமால்டிஹைடு, தோலைத் தூக்கி எறியற மாதிரி எரிச்சல் குடுக்கிறதுல முதல் வரிசையில நிக்கிற சரக்கு. தோல்ல படுறதுக்கு சொல்ற வரம்பு 0.1 சதவீதத்துக்கும் கீழ. கிராம்பு எண்ணெயும் ஓமவாடையடிக்கிற தைம் எண்ணெயும் இதே மாதிரி எரிச்சல் குடுக்கிறதுதான். இயற்கைதானேன்னு எழுதியிருக்கே. ரோஜா எண்ணெய் ஒரு கிலோ எடுக்க 3,000 கிலோவுக்கு மேல இதழ் வேணும், அந்த இயற்கை தோட்டத்துல எங்கயாவது நடக்குமா? செடியில ஒரு துளியா பரவியிருந்ததை ஆவியில காய்ச்சி, பிழிஞ்சு, ஒரு பாட்டில்ல அடக்கி வெச்சிருக்கு. பட்டையை வாயில போட்டு மென்னா காரம்தானே, அதோட எண்ணெயை மனுஷக்கால் மேல ஊத்தினா என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம்ல.

நானும் யோசிக்கலை. அதான் இவ்வளவு திட்டுறேன்.

எங்கம்மாவுக்கும் சுகர், பல வருஷமா. கால் எரியுது, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குன்னு சொல்வாங்க. நான் அப்போ உன்னை மாதிரிதான், புதுசா எல்லாம் கத்துக்கிட்டு எதைப் பார்த்தாலும் உப்பு கலந்துக்கிட்டு இருந்தேன். ஒரு ஜாடி பண்ணேன், பட்டை எண்ணெய் பன்னெண்டு சொட்டு, ரத்த ஓட்டம் நல்லா இருக்கும்னு எங்கயோ படிச்சது. ரிப்பன் கட்டி, லேபிள் எழுதி, கையில குடுத்துட்டு ஊருக்குப் போயிட்டேன். போன்ல கேட்டா, ‘நல்லா இருக்குடி, டெய்லி சாயங்காலம் வைக்கிறேன்’னாங்க. எனக்குப் பெருமை தாங்கலை.

பத்து நாள் கழிச்சுப் போனேன். அம்மா கட்டில்ல கால் நீட்டி உட்கார்ந்திருந்தாங்க, புடவையைக் கீழ இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருந்தாங்க, என்னமோ மறைக்கிறாங்கன்னு அப்பவே தோணிச்சு. தூக்கிப் பார்த்தேன். ரெண்டு கணுக்கால்லயும் நாலு விரல்கடை மேல, சரியா ஒரே உயரத்துல, சுத்தி ஒரு சிவப்பு வளையம், இறுக்கமான சாக்ஸ் எலாஸ்டிக் பதிஞ்ச தடம் மாதிரி, தோல் கொஞ்சம் உரிஞ்சு வேற. பேசின்ல தண்ணி நின்ன மட்டம் அது. எண்ணெய் மிதந்த கோடு. இன்னைக்கும் தண்ணி மட்டம்னு யார் சொன்னாலும் எனக்கு அந்த வளையம்தான் ஞாபகம் வரும். அப்புறம் வலது சுண்டு விரல் பக்கத்துல ஒரு கொப்புளம், உடைஞ்சு ஈரமா. அது சூட்டுக் கொப்புளம், அம்மாவுக்கு அது வந்ததே தெரியலை.

சுகர் ரொம்ப நாள் இருந்தா நரம்பு கெட ஆரம்பிக்கும், நுனியில இருந்து, முதல்ல விரல், அப்புறம் பாதம், அப்புறம் மேல, சாக்ஸ் போடுற மாதிரி ஏறிக்கிட்டே வரும். அந்த இடத்துல சூடு தெரியாது, முள் குத்துனா தெரியாது. தண்ணி சூடு பத்தலைன்னு இன்னும் ஊத்திக்குவாங்க. 60 டிகிரி தண்ணி அஞ்சு செகண்ட்ல தோலை வேக வெச்சுடும், 49 டிகிரியே பத்து நிமிஷத்துல செஞ்சுடும், நமக்கு காலை எடுத்துக்கத் தோணும், அவங்களுக்குத் தோணாது. சூடு இல்லாட்டியும் ரொம்ப நேரம் ஊறினா தோல் இளகி வெடிக்கும், வெடிப்பு வழியா கிருமி ஏறும், சீக்கிரம் ஆறாது. அதனாலதான் கால் மரத்துப்போற சுகர்காரங்க காலை ஊற வைக்கவே கூடாதுன்னு டாக்டருங்க சொல்றாங்க. உப்பு போட்டா, எண்ணெய் போட்டா, வெறும் தண்ணின்னா, எதுலயும் வேண்டாம். அம்மாவோட அந்தக் கொப்புளம் ஆற ரெண்டு மாசம் ஆச்சு, அதுவும் கட்டு மாத்தக் கூட்டிட்டுப் போய்ப் போய்.

கணுக்கால் மேல அம்மாவுக்கு உணர்ச்சி கொஞ்சம் இருந்துச்சு. ‘எரியலையாம்மா?’ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், ‘எரிஞ்சுது. நீ ஆசையா பண்ணிக் குடுத்ததாச்சே’ன்னாங்க.

பத்து நாள், ர. பத்து சாயங்காலம் எரியுற தண்ணிக்குள்ள கால் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. ரிப்பன் கட்டினவ நான். ‘நல்லா இருக்குடி’ன்னு போன்ல சொன்னதை அப்படியே நம்பினவளும் நான். உங்கம்மா நல்லா இருக்குன்னு சொன்னா நீயும் நம்பிடுவே, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன், அவங்க சொல்ல மாட்டாங்க, நீதான் பார்க்கணும்.

என்ன பண்ணலாம்னு கேட்பே. ராத்திரி எரியுது, மரத்துப்போகுதுன்னு சொல்றதை டாக்டர்கிட்ட தெளிவா சொல்லு, கால் உணர்ச்சியை மெல்லிசு நைலான் இழை வெச்சு தொட்டுப் பார்த்து டெஸ்ட் பண்ணுவாங்க, வலிக்காது. வீட்ல தினமும் கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணியில கழுவு, சூட்டை உன் முழங்கையால பாரு, அவங்க காலால பார்க்க விடாதே. ரெண்டு நிமிஷத்துல எடுத்து, மெத்துனு துண்டால விரலுக்கு நடுவுல ஈரம் இல்லாம ஒத்தி எடு. கிரீம் தடவினா பாதத்துக்கும் குதிகாலுக்கும் மட்டும், விரல் இடுக்குல வேண்டாம். அப்புறம் உள்ளங்காலைப் பாரு, வெடிப்பு, சிவப்பு, கொப்புளம் எதாச்சும் இருக்கான்னு. நான் அதுக்கப்புறம் எங்கம்மாவுக்கு அவங்க இருந்த வரைக்கும் செஞ்சேன். பக்கத்துல இல்லாத நாள்ல அவங்களே பார்த்துக்க, கைப்பிடி நீளமா ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்தேன், தரையில வெச்சு மேல காலைத் தூக்கிப் பார்ப்பாங்க. பிறந்தநாளுக்கு உங்கம்மாவுக்கும் அந்த மாதிரி ஒரு கண்ணாடியும் ரெண்டு நல்ல துண்டும் வாங்கு.

உப்பை நீ வெச்சுக்கோ, பட்டை எண்ணெய் போட்டதைக் கொட்டிட்டு புதுசா ஒண்ணு பண்ணு, வெறும் உப்பா. காய்ச்சல், வெட்டுக்காயம், கர்ப்பம் இதெல்லாம் இல்லாத நாள்ல 38 டிகிரி தண்ணியில பதினஞ்சு நிமிஷம், தாராளமா ஊறு, சந்தோஷமா இரு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

இன்னைக்கு அம்மா தூங்குறதுக்கு முன்னாடி அவங்க காலை எடுத்து உன் மடியில வெச்சுக்கிட்டு விரல் விரலா பாரு. என்ன பார்த்தேன்னு எனக்கு எழுது. எந்த எண்ணெயோட எந்த எண்ணெய் நல்லா இருக்கும்ங்கிறதை அப்புறம் பேசிக்கலாம்.

அன்புடன்,
அக்கா