கோர்ட் படியேறும் முன்: வாசகர் கேள்வி, மொழிபெயர்ப்பாளர் பதில்

(அமெரிக்க மாநில நீதிமன்றங்களில் பல வருஷம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வாடகை வீட்டைக் காலி செய்து இரண்டு மாதம் ஆகிறது. 2,800 டாலர் அட்வான்ஸ். பெயின்ட், கார்ப்பெட் என்று வாய்க்கணக்குச் சொல்லி வீட்டுக்காரர் முழுசையும் வைத்துக்கொண்டார். வக்கீல் வைக்க வசதியில்லை, ஆங்கிலமும் சுமார்தான். வழக்குப் போடலாமா? (வாசகி, ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

பதில்: தாராளமாகப் போடுங்கள் அம்மா. வக்கீல் இல்லையே என்ற கவலையே வேண்டாம். கலிஃபோர்னியாவில் ஸ்மால் கிளெய்ம்ஸ், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்ற விசாரணையில், உங்களுக்காக வக்கீல் வாதாட முடியாது. வீட்டுக்காரருக்கும் அதே கதிதான். தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம். தாக்கல் கட்டணம் 30 முதல் 75 டாலருக்குள். வருமானம் குறைவென்றால் விலக்குக்கு மனுப் போடலாம்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். காலி செய்த 21 நாளுக்குள் அட்வான்ஸைத் தர வேண்டும், பிடித்தம் இருந்தால் எதற்கு எவ்வளவு என்று எழுதித் தர வேண்டும். சாதாரணமாகப் புழங்கியதால் வந்த தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது. வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நீதிபதிக்குத் தோன்றினால், அட்வான்ஸ் போக, அதைப்போல் இரண்டு மடங்கு வரை கூடுதலாகத் தரச் சொல்லலாம்.

முதலில் பணத்தைக் கேட்டு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். கேட்டீர்களா என்று வழக்குப் படிவத்திலேயே கேள்வி இருக்கிறது. அப்புறம் அந்தப் படிவத்தை, எஸ்சி-100 என்று பெயர், நிரப்பிக் கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள். வழக்குத் தாளை எதிராளியிடம் நீங்களே கொடுத்தால் செல்லாது. வழக்கில் சம்பந்தமில்லாத, 18 வயது நிரம்பிய ஒருவர் கொடுக்க வேண்டும். நிறையப் பேருக்குத் தேதி தள்ளிப்போவது இந்த இடத்தில்தான். கவுன்ட்டரில் இருப்பவரிடம் 'ஜெயிப்பேனா?' என்று கேட்காதீர்கள், அவர் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. அதற்கு ஒவ்வொரு கவுன்டியிலும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஸ்மால் கிளெய்ம்ஸ் ஆலோசகர் உண்டு, காசு வாங்க மாட்டார்.

விசாரணைக்குப் புகைப்படங்களைப் போனில் மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். நீதிபதி முன்னால் விரலால் தள்ளித் தள்ளி மார்ச் மாதப் படத்தைத் தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குள் பேச வேண்டியது பாதி மறந்துவிடும். அச்செடுத்து மூன்று பிரதி: நீதிபதிக்கு, எதிராளிக்கு, உங்களுக்கு. பெரும்பாலும் சில நிமிடம்தான் கிடைக்கும். கிரகப்பிரவேசத்திலிருந்து ஆரம்பிக்காமல், எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் சாவி ஒப்படைத்தீர்கள் என்று தொடங்குங்கள்.

ஆங்கிலத்துக்காகத் தயங்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், கட்டணம் கிடையாது. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: நாங்கள் உங்கள் ஆள் இல்லை. சாட்சி சொல்லும்போது நீங்கள் என் பக்கம் சாய்ந்து, 'இந்த ஆள் புளுகுறான்மா, நீயே எடுத்துச் சொல்லேன்' என்று முணுமுணுத்தால், அதையும் அப்படியே ஆங்கிலத்தில் நீதிபதிக்குச் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. வழக்குப் போட்டவர் தோற்றால் அப்பீல் கிடையாது, எதிராளி தோற்றால் உண்டு. எனக்கு இது அவ்வளவு நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அதுதான்.

கேள்வி: தம்பியின் விவாகரத்து நோட்டீஸில் 'சுப்ரீம் கோர்ட்' என்று போட்டிருக்கிறது. விஷயம் அவ்வளவு மேலே போய்விட்டதா? (வாசகர், குவீன்ஸ், நியூயார்க்)

பதில்: இல்லை ஐயா. நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்பது விசாரணை நீதிமன்றம். மாநிலத்தின் உச்ச அமைப்பு ஆல்பனியில் இருக்கும் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். நியூயார்க்கில் விவாகரத்து தருவது சுப்ரீம் கோர்ட் மட்டும்தான். நியூயார்க்குக்குள் தாளை நேரில் வாங்கியிருந்தால் பதில் போட 20 நாள்தான், தம்பியை இன்றே கிளம்பச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கிரீன் கார்டுதான். ஜூரி அழைப்பு வந்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா? (வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா)

பதில்: கூடாது. ஜூரி என்பது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் குடிமக்கள் குழு. பெயர்களை ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் எடுப்பதால் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் அழைப்பு வரும். 'நான் குடிமகன் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுத் திருப்பி அனுப்புங்கள், சரியாகிவிடும். பதிலே போடாவிட்டால் அபராதம் 1,500 டாலர் வரை போகலாம். குடிமகன் என்று தப்பித் தவறியும் குறித்துவிடாதீர்கள். அது குடியேற்ற வழக்கில் போய்ச் சிக்கும்.