குமிழ்த் தூணா, தூளியா?

சிறப்புக் குழந்தைகளின் பள்ளி வாழ்க்கை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) ஒருவரின் பதில்கள்

கேள்வி: எங்களுடையது அரசு நடுநிலைப் பள்ளி. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு என 7 பிள்ளைகள் படிக்கிறார்கள். சென்சரி ரூம் (பிள்ளைகளின் புலன்களை அமைதிப்படுத்தும் அறை) அமைக்க முன்னாள் மாணவர்கள் 60,000 ரூபாய் தருகிறார்கள். காலி வகுப்பறை ஒன்றும் இருக்கிறது. ஆனால் குமிழ்த் தூண் (விளக்கொளியில் நீர்க்குமிழிகள் எழும் உயரமான குழாய்), ஃபைபர் விளக்கு, கண்ணாடி எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ஆகும் என்கிறது ஒரு கம்பெனி. மீதிப் பணத்துக்கு எங்கே போவது?
— தலைமையாசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: எங்கேயும் போக வேண்டாம் டீச்சர். கையில் இருப்பதே போதும்.

அந்தக் குமிழ்த் தூணுக்கு ஒரு கதை உண்டு. 1970களில் நெதர்லாந்தின் ஈடே நகரில், ஹார்டன்பர்க் என்ற இல்லத்தில், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக இப்படி அறைகள் அமைத்தார்கள். 'ஸ்னூசலன்' என்று பெயர். மோப்பம் பிடிப்பது, கண்ணயர்வது என்ற இரண்டு டச்சுச் சொற்களை ஒட்டவைத்த பெயர் அது. ஒளியையும் வாசனையையும் நிம்மதியாக அனுபவிக்கட்டும் என்பதுதான் நோக்கம். உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியது வேறு. பத்து நிமிஷம் ஒதுங்கி, உடம்பு அடங்கி, திரும்பி வந்து வகுப்பில் உட்கார வேண்டும். அதற்கு அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏர்ஸ் காட்டிய வழிதான் பொருத்தம்: ஊஞ்சல், உருளுதல், தள்ளுதல், சுமத்தல். விளக்குக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

நானும் ஏமாந்தவள்தான். ஒரு பள்ளியில் நான் சொல்லித்தான் குமிழ்த் தூண் வாங்கினார்கள். தண்ணீர் மாற்ற ஆளில்லாமல் சில மாதத்தில் பாசி பிடித்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. யாருக்காக வாங்கினோமோ அந்தப் பையனே மோட்டார் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தப் பிள்ளை, எத்தனை மணிக்கு, எங்கே சிரமப்பட்டது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று இரண்டு வாரம் எழுதுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் தினமும் பதினொன்றரை மணி வாக்கில் வகுப்பை விட்டு ஓடுவான். பசி என்று நினைத்து பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார்கள். நோட்டைப் புரட்டினால், சத்துணவுக் கூடத்தில் முட்டை உரிக்கிற நேரம் அது. அவன் பெஞ்ச் அந்தப் பக்க ஜன்னலை ஒட்டி இருந்தது. இடத்தை மாற்றினோம், ஓட்டம் குறைந்தது. அந்தப் பிள்ளைக்கு அறையே தேவைப்படவில்லை.

சரி, இனி அறை. முதலில் வேண்டாததை வெளியே எடுங்கள். மினுக்கும் டியூப்லைட், கடகடக்கும் ஃபேன், சுவர் முழுக்கச் சார்ட்டுகள், ஃபினாயில் வாடை. ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். ஒரு மூலையில் அடர்நிறப் புடவையால் சின்னக் கூடாரம், உள்ளே இரண்டு தலையணை. எதிர் மூலையில் தள்ள ஒரு பழைய டயர், தூக்க மணல் பைகள். கோரைப்பாயில் சுருட்டிக்கொள்வது சில பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் தலை வெளியே இருக்க வேண்டும், போதும் என்று காட்டிய நொடியில் அவிழ்த்துவிட வேண்டும். புளியங்கொட்டை, கேழ்வரகு நிரப்பிய தட்டில் கையை விட்டு அளையலாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்கிற பிள்ளை இருந்தால் அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பணத்தில் பெரும்பங்கை ஊஞ்சலுக்குச் செலவழியுங்கள். நம் வீட்டுத் தூளி மாதிரி, உட்கார்ந்தாலும் படுத்தாலும் உடம்பைச் சுற்றிப் பிடிக்கிற கெட்டித் துணி ஊஞ்சல். துணி மலிவு, கொக்கிதான் செலவு. 30 கிலோ பிள்ளை வீசி ஆடினால் கொக்கியில் இறங்கும் பாரம் இரண்டு மூன்று மடங்காகும். காலி வகுப்பறை என்கிறீர்கள், கூரை எப்படி என்று சொல்லவில்லை. ஓடோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரை என்றால் அதில் எதையும் தொங்கவிடாதீர்கள், தனி இரும்புச் சட்டம் செய்யுங்கள். கான்கிரீட் என்றாலும் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகே துளை போடுங்கள். கீழே கட்டாயம் மெத்தை. முன்னும் பின்னும் மெதுவாக ஆடினால் பெரும்பாலும் அடங்குவார்கள். சுற்றிவிட்டால் துள்ள ஆரம்பித்துவிடுவார்கள். வலிப்பு வரும் பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் ஊஞ்சல் வேண்டாம். மின்னி மின்னி எரியும் விளக்கும் வேண்டாம்.

அப்புறம், ஆள். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் தினமும் உங்கள் பள்ளியிலேயே இருக்க மாட்டார். உங்கள் ஆசிரியர்களில் இருவராவது பழகிக்கொள்ள வேண்டும். அவரையும் கூட்டிக்கொண்டு, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். பிள்ளை உள்ளே பூட்டிக்கொள்ளாமல் இருக்க, அறைக் கதவின் உள்தாழ்ப்பாளை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம். மூன்றாம் வகுப்பு படிக்கிறான். அழுதால் சென்சரி ரூமுக்கு அனுப்புகிறார்கள், சில நாள் மதியம் முழுக்க அங்கேதான். அவனுக்கும் பிடித்திருக்கிறது. விட்டுவிடலாமா?
— ஒரு தாய், மதுரை

பதில்: பிடித்திருப்பது நல்லதுதான். ஆனால் மதியம் முழுக்க என்றால் அது அறை இல்லை, ஒதுக்கி வைப்பது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதைத்தான் வலியுறுத்துகிறது. சண்டை போட வேண்டாம். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், யார் கூட இருந்தார்கள் என்று ஒரு பதிவேடு வைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். எழுத ஆரம்பித்தாலே நேரம் குறைவதை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, அழுத பிறகு அனுப்புவதைவிட, அழும் நேரம் தெரிந்து அதற்கு முன்பே பத்து நிமிஷம் போய் வருவது தம்பிக்கு நல்லது.

கேள்வி: எடை வைத்துத் தைத்த கோட்டுப் போட்டால் பிள்ளை அசையாமல் உட்காருவான் என்கிறார்கள். நாள் முழுக்கப் போடலாமா?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: கூடாது. அந்தக் கோட்டு வகுப்பில் உதவுகிறது என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை. உங்கள் ஊர் சித்திரை வெயிலில் நீங்களே ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள்! தெரபிஸ்ட் பார்த்து, எவ்வளவு எடை, எவ்வளவு நேரம் என்று சொன்னால் மட்டும் போடுங்கள். அதையும் பிள்ளை தானே கழற்றக்கூடிய மாதிரி தையுங்கள், முதுகில் பட்டன் வைக்காதீர்கள்.