அப்பாவின் மாத்திரைப் பெயர் தெரியுமா?

கேள்வி: எனக்கு வயது 22. புவியியலில் இளங்கலை முடித்து ஒரு வருடம் ஆகிறது. பேரிடர் மேலாண்மையில் முதுகலை படிக்க ஆசை. வெள்ள நிவாரண முகாம் ஒன்றில் தன்னார்வலராக வேலை செய்தபோதுதான் இந்த முடிவுக்கு வந்தேன். அங்கே ஒரு பெரியவர் மாத்திரை கேட்டார். பெயர் தெரியவில்லை, "சின்ன வெள்ளை மாத்திரை" என்று மட்டும் சொன்னார். கூட இருந்த மகனுக்கும் தெரியவில்லை. இப்படியும் பிள்ளைகள் இருப்பார்களா என்று எரிச்சலாக இருந்தது. இப்போது வெளியூரில் இரண்டு வருட முழுநேரப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே தொலைநிலைக் கல்வியிலும் படிக்கலாம். "இதெல்லாம் ஒரு படிப்பா?" என்கிறார் மாமா. அம்மா போக வேண்டாம் என்கிறார். அப்பாவுக்கு மூன்று வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துவிட்டது. மருந்து விவரமெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி, அதனால் அந்தப் பக்கம் கவலை இல்லை. அவசரம் என்றால் அக்கா வருவாள். இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா? அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்:

தம்பி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதி இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம். படகில் நின்று எடுத்த புகைப்படம் ஒன்றையும் இணைத்திருக்கிறீர்கள். அந்த நான்கு பக்கத்தில் அப்பாவுக்குக் கிடைத்தது இரண்டு வரி. அந்த இரண்டு வரியும் "அந்தப் பக்கம் கவலை இல்லை" என்று முடிகிறது.

படிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த முகாமுக்கு வருவோம். மாத்திரைப் பெயர் தெரியாத அந்த மகன்மேல் உங்களுக்கு எரிச்சல் வந்தது. சரி, உங்கள் அப்பா சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம். எத்தனை மில்லிகிராம், எந்த வேளைக்கு எது? அந்த மகனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. உங்கள் வீட்டுக்குள் இன்னும் வரவில்லை. அவ்வளவுதானே?

இன்று ராத்திரி அம்மா வீட்டில் இல்லாத நேரத்தில் அப்பாவுக்கு மறுபடி வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்று வையுங்கள். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவசரப் பிரிவில் உங்களை மடக்கி இரண்டு கேள்வி கேட்பார்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? ரத்தக்கட்டி அடைத்து வந்த பக்கவாதம் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதே ஊசி மூளையில் ரத்தக் கசிவை உண்டாக்கிவிடலாம். அந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "சின்ன வெள்ளை மாத்திரை" என்றா?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்கலாம். கோபம்தான். இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. படிப்பின் பெயர் மாறும், ஊர் மாறும், "அம்மா பார்த்துக்கொள்வார்" மட்டும் மாறுவதில்லை. உங்கள் விஷயத்தில் கூடுதல் கோபம் ஏன் என்றால், நீங்கள் படிக்கப் போகும் துறையே இதைப் பற்றியதுதான்.

2003 ஆகஸ்டில் பிரான்ஸில் வெயில் கொளுத்தியது. அந்த மாதம் மட்டும் வழக்கத்தைவிட ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். அங்கே ஆகஸ்ட் விடுமுறை மாதம், குடும்பங்கள் ஊருக்குப் போயிருந்தன. பாரிஸில் கேட்க ஆளில்லாமல் கிடந்த 57 உடல்களைச் செப்டம்பர் தொடக்கத்தில் பொதுச் செலவில் அடக்கம் செய்தார்கள். நாட்டின் அதிபர் ழாக் சிராக்கே போய் நின்றார். அந்த 57 பேரின் பிள்ளைகளில் எத்தனை பேர் "அந்தப் பக்கம் கவலை இல்லை" என்று இருந்திருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஜப்பானில் 2011 சுனாமியில் இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 60 வயது தாண்டியவர்கள். எச்சரிக்கைக் கருவிகளில் உலகத்துக்கே முன்னோடியான நாடு அது. ஆனால் ஒலிபெருக்கி அலறியதும் எழுந்து ஓட முடியாதவரை யார் தூக்குவது? 2013இல் சட்டத்தைத் திருத்தி, தானாக வெளியேற முடியாதவர்களின் பட்டியலை ஒவ்வொரு நகராட்சியும் தயாரித்தே ஆக வேண்டும் என்றார்கள். 2021இல் மறுபடியும் திருத்தம்: ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு வெளியேற்றத் திட்டம் எழுத நகராட்சிகள் முயல வேண்டும். அந்தத் தாளில் "கூட்டிச் செல்பவர் யார்?" என்ற இடத்தில் ஒரு பெயர் வேண்டும். நாளைக்கு நீங்கள் பட்டம் வாங்கி இந்த வேலையில் உட்கார்ந்தால், வீடு வீடாகப் போய் அந்தப் பெயரைத்தான் கேட்பீர்கள். உங்கள் வீட்டுத் தாளில் யார் பெயர் இருக்கிறது? அம்மா. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால்? காலியிடம்.

மொத்த விவரமும் ஒரே ஆளின் தலைக்குள் இருந்தால், அந்த ஆள் விழும்போது எல்லாமே விழும். இதை உங்களுக்கு முதல் பருவத்திலேயே சொல்லித் தருவார்கள், தேர்விலும் கேட்பார்கள். நன்றாக எழுதி மதிப்பெண்ணும் வாங்குவீர்கள்.

"அக்கா வருவாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அக்காவிடம் கேட்டீர்களா? கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், கேட்டதாக ஒரு வார்த்தை இல்லை. பெண் பிள்ளை என்றால் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்பாள், ஆண் பிள்ளை என்றால் ஊரைக் காப்பாற்றப் போவான் என்ற கணக்கை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை, எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக. பணம் அனுப்பினால் அந்தக் கடமையில் பாதி தீரும். மீதிப் பாதிக்குக் கை வேண்டும்.

இனி படிப்பு. மாமா சொல்வதை விடுங்கள், இந்தத் துறைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1917 டிசம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்து நகரத்தின் ஒரு பகுதியையே தரைமட்டமாக்கியது. அந்த ஊரில் பாதிரியாராக இருந்த சாமுவேல் ஹென்றி பிரின்ஸ், அதற்குப்பின் மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஆராய்ந்து 1920இல் வெளியிட்டார். பேரிடர் ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள்.

ஆனால் படகும் ஹெலிகாப்டரும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். தண்ணீரில் குதித்து மீட்பது தீயணைப்பு வீரர்களுடைய வேலை. உங்களுடையது வரைபடம், பட்டியல், வரவு செலவு, ஒத்திகை, கூட்டம், மறுபடியும் கூட்டம். 1970இல் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது வண்டியும் ஆளும் மட்டுமா பிரச்சினை? ஒரு துறையின் வானொலியில் பேசியது இன்னொரு துறைக்குக் கேட்கவில்லை, யாருக்கு யார் உத்தரவு போடுவது என்றும் தெளிவில்லை. யார் பொறுப்பு, யாருக்குக் கீழே யார் என்று முன்கூட்டியே வகுத்துவைக்கும் சம்பவக் கட்டளை முறை அந்தக் குழப்பத்திலிருந்து பிறந்தது; இன்று பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். ஒரு ஆளின் கீழே மூன்றிலிருந்து ஏழு பேர்தான் இருக்கலாம் என்பது மாதிரியான விதிகள் அதில் உண்டு. இதைப் படிக்கும்போது தூக்கம் வந்தால் இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவராது.

பட்டம் வாங்கியதும் நாற்காலி தயாராக இருக்காது. இந்தப் பெயரிலேயே இருக்கும் அரசு வேலைகள் குறைவு. மருத்துவமனை, பெரிய தொழிற்சாலை, துறைமுகம், மின்வாரியம், காப்பீடு, தொண்டு நிறுவனம் என்று பக்கத்துக் கதவு வழியாக நுழைகிறவர்களே அதிகம். உங்களிடம் புவியியல் இருக்கிறது, அது நல்ல அஸ்திவாரம். கணினி வரைபடத்தில் விவரங்களை ஏற்றிப் பார்க்கும் புவியியல் தகவல் முறைமையை (ஜிஐஎஸ்) கை பழகும்வரை கற்றுக்கொள்ளுங்கள். எந்தத் தாழ்வான தெருவில் எத்தனை படுக்கை நோயாளிகள் என்று வரைபடத்தில் காட்டத் தெரிந்தவரை எந்த அலுவலகமும் விடாது. கல்லூரியிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: மாணவர்களே ஒத்திகையைத் திட்டமிட்டு நடத்துகிறார்களா? களப்பணி எத்தனை மாதம்? பதில் மழுப்பலாக வந்தால் அங்கே சேர வேண்டாம்.

தொலைநிலையா, நேரடியா என்றால், என் கட்சி நேரடிப் படிப்புதான். பத்துத் துறை ஆட்களை ஒரே மேசையில் உட்காரவைத்துச் சண்டை வராமல் முடிவெடுப்பதை வீட்டில் தனியாக உட்கார்ந்து படிக்க முடியாது. வீட்டிலேயே இருங்கள் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இல்லை, போக வேண்டும். ஆனால் இப்போது இருக்கிற நிலையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க வழி கேட்கிறீர்கள். பேசிச் சம்மதிக்க வைக்க நான் கற்றுத்தர மாட்டேன். மூன்று வருடமாக அவர் ஒரு நாளாவது விடுப்பு எடுத்திருக்கிறாரா என்று யோசியுங்கள். அவர் "போகாதே" என்பதில் உங்கள் படிப்பைப் பற்றி எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்.

ஆகவே ஒரு ஒத்திகை நடத்துங்கள். முதல் வாரம் அம்மாவின் பின்னாலேயே நில்லுங்கள், கையில் நோட்டோடு. மாத்திரைப் பட்டையைப் பார்த்துப் பெயர், அளவு, வேளை எழுதுங்கள். மருத்துவர் எண், ஒவ்வாமை, பழைய ஸ்கேன் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது எல்லாம் அதில் வர வேண்டும். அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். நாற்காலியை அவருடைய இடது பக்கம், பலமுள்ள பக்கத்தில் போட வேண்டும். வலது கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும். தண்ணீர் கொடுக்கும்போது நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும், புரையேறினால் நிறுத்த வேண்டும். இதெல்லாம் அம்மாவுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை, பயந்து பயந்து கற்றிருப்பார்.

அடுத்து, அம்மாவைப் பத்து நாள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். ஓய்வெடுக்க. அந்தப் பத்து நாளும் வீடு உங்கள் பொறுப்பு. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை, நீங்கள் போன பிறகும் அவர் வேண்டியிருக்கும். அவருக்குச் சொல்லித்தர வேண்டியது நீங்கள். பத்தாம் நாள் இரவு உட்கார்ந்து எழுதுங்கள்: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன் மாறியது. உங்கள் துறையில் ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் இதைத்தான் எழுதுவார்கள். அந்தத் தாளை அம்மாவிடமும் அக்காவிடமும் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் யார் எந்த மாதம் பொறுப்பு என்று அக்காவிடம் வாய்விட்டுக் கேளுங்கள். விடுமுறை மாதங்கள் உங்களுடையவை, அதில் பேரம் கிடையாது.

ஒத்திகை சொதப்பினால் அடுத்த வருடம் சேருங்கள். அதற்குள் முதலுதவிப் பயிற்சியும் வரைபட வேலையும் முடித்திருப்பீர்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை.

சேர்க்கைக்கு இன்னும் இரண்டு மாதம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அக்கா வீட்டுக்குப் போக எந்தத் தேதி வசதி என்று அம்மாவிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். பயணச்சீட்டு உங்கள் செலவு.