திருகோணமலையில் தோட்ட வேலைக்கு வெளியில் வைக்க எந்த சிங்க் நல்லது?

உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட வீடு, சாடியும் மண்வெட்டியும் கழுவ ஒரு சிங்க் வேண்டும் என்கிறீர்கள். எவர்சில்வர் என்றாலே கறள் பிடிக்காது என்று நம்பாதீர்கள். சமையலறைக்கு விற்பது பெரும்பாலும் 304 தரம். உப்புக்காற்றில், தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றித் தேநீர்க் கறை மாதிரிப் பழுப்புப் புள்ளி விழும், எங்கள் வளவில் இருப்பதிலும் அதே கதைதான். 316 தரத்தில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் என்ற உலோகம் சேர்ப்பதால் அது கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும், விலையும் கூட. இது 316 தான் என்று கடையில் காந்தம் வைத்துக் காட்டினால் மயங்க வேண்டாம், இரண்டிலுமே அது பெரிதாக ஒட்டாது. என்னைக் கேட்டால், டைல் பதித்த சீமெந்துத் தொட்டிதான். அப்புறம், சரிவு விட்டுக் கட்டுங்கள். மாரியில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு முட்டையிடும்.