லண்டனில் 10,000 பவுண்ட் ஸ்காலர்ஷிப்பா, லீட்ஸில் 4,000 பவுண்டா?

கேள்வி: நான் தென்காசி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர். ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. மகள் பி.இ. முடித்துவிட்டு சென்னையில் மூன்று வருடமாக ஐ.டி. வேலையில் இருக்கிறாள், மாதம் 55,000 ரூபாய் கைக்கு வருகிறது. பிரிட்டனில் ஒரு வருட டேட்டா சயின்ஸ் எம்.எஸ்சி. படிக்க இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. லண்டனில் கட்டணம் 31,000 பவுண்ட், ஸ்காலர்ஷிப் 10,000. லீட்ஸில் கட்டணம் 27,000, ஸ்காலர்ஷிப் 4,000. கன்சல்டன்சியில் லண்டனுக்கே போகச் சொல்கிறார்கள், பார்ட் டைம் வேலை பார்த்தால் தங்கும் செலவு அதிலேயே வந்துவிடும் என்கிறார்கள். என்னிடம் எஃப்.டி. 18 லட்சம், மகளிடம் 5 லட்சம் இருக்கிறது. மீதிக்கு வீட்டை அடமானம் வைத்து லோன் எடுக்கலாமா?

பதில்: சார், லண்டன் வேண்டாம். லீட்ஸ் போகலாம், ஆனால் இந்த வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், பிடிக்கவில்லை என்றால் கணக்கை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஸ்காலர்ஷிப். பெரும்பாலான பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆஃபர் லெட்டரிலேயே எழுதித் தரும் இந்தத் தொகை கட்டணத்தில் கழிக்கப்படுவது, அவ்வளவுதான். ஒரு பவுண்ட்கூட மகள் கைக்கு வராது, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அதைத் தொட முடியாது. ஆடித் தள்ளுபடியில் எவ்வளவு குறைத்தார்கள் என்று பார்க்காமல் கடைசியில் எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்ப்போமே, இங்கேயும் அதையே செய்யுங்கள். கழித்த பிறகு லண்டனில் கட்ட வேண்டியது 21,000, லீட்ஸில் 23,000. இதுவரைக்கும் லண்டன்தான் 2,000 பவுண்ட் மலிவு, கன்சல்டன்சி காட்டும் கணக்கும் இங்கேயே நின்றுவிடுகிறது.

இனி தங்கும் செலவு. மாணவர் விசாவுக்கு மாதாந்தரச் செலவு என்று ஒரு தொகையைக் காட்டச் சொல்கிறார்கள். 2025 நவம்பர் 11 முதல் அது லண்டனில் மாதம் 1,529 பவுண்ட், லண்டனுக்கு வெளியே 1,171. அதிகபட்சம் ஒன்பது மாதத்துக்குத்தான் கேட்பார்கள் என்பதால் 13,761 அல்லது 10,539 என்ற தொகைகளைப் பார்த்துவிட்டு, ஓஹோ தங்க இவ்வளவுதான் ஆகும்போல என்று பல வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். மகள் படிக்கப் போவது பன்னிரண்டு மாதம் சார், கோடையில் ஆய்வறிக்கை எழுதும் மூன்று மாதமும் வாடகை ஓடும். பன்னிரண்டால் பெருக்கினால் லண்டன் 18,348, லீட்ஸ் 14,052.

கட்டணத்தையும் இதையும் கூட்டுங்கள். லண்டன் 39,348, லீட்ஸ் 37,052. ஸ்காலர்ஷிப் அதிகமாகத் தரும் இடம்தான் 2,296 பவுண்ட் கூடுதலாக விழுங்குகிறது, பவுண்டை 120 ரூபாய் என்று வைத்தால் இரண்டே முக்கால் லட்சம். அதுவும் விசாக் கணக்கின்படி. லண்டன் நகருக்குள் தனியார் மாணவர் விடுதிகளில் வாரம் 300 பவுண்ட் கேட்பது சாதாரணம், ஒப்பந்தமும் பெரும்பாலும் 51 வாரத்துக்கு, அப்படிப் பார்த்தால் வாடகையே 15,300 ஆகிவிடும், சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் மிஞ்சுவது மாதம் சுமார் 250 பவுண்ட். தள்ளி ஒரு வீட்டில் நான்கைந்து பேரோடு அறை எடுத்தால் குறையும், ஆனால் அப்போது ரயில் செலவு ஏறும். லீட்ஸ் மாதிரி ஊரில் விசாக் கணக்குக்குள் ஒழுங்காக வாழ்ந்துவிடலாம். பலர் கல்லூரிக்கு நடந்தே போகிறார்கள், பஸ்ஸில் போனாலும் இங்கிலாந்தின் பெரும்பாலான பஸ்களில் ஒரு வழிக் கட்டணத்துக்கு 3 பவுண்ட் என்று உச்சவரம்பு இருக்கிறது.

இதற்கு மேல் மருத்துவக் கட்டணம், ஐ.எச்.எஸ். என்பார்கள். மாணவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண்ட். ஒரு வருடப் படிப்புக்கு விசா ஏறக்குறைய 17 மாதத்துக்குத் தருவார்கள், அதனால் ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண்டை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்டியாக வேண்டும். அப்புறம் 500 பவுண்டுக்கு மேல் விசாக் கட்டணம், டி.பி. பரிசோதனை, டிக்கெட், குளிருக்குத் துணி, முதல் மாதத்துச் சில்லறைச் செலவு. லீட்ஸுக்கு மொத்தம் 40,000 பவுண்ட் என்று வையுங்கள். 48 லட்சம் ரூபாய்.

சரி, பார்ட் டைம் வேலை. கன்சல்டன்சிக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை, அதுதான் இதில் சிக்கல். 2026 ஏப்ரல் முதல் 21 வயது ஆனவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்ட், வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு, அப்படியானால் மாதம் 1,100 பவுண்ட் வரும், லீட்ஸ் செலவுக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். காகிதத்தில். நடப்பில் வேலை கிடைக்கவே ஒன்றிரண்டு மாதம் ஆகும், கிடைத்தாலும் கடையிலோ உணவகத்திலோ இந்த வாரம் 16 மணி நேரம், அடுத்த வாரம் 6 என்றுதான் ஷிஃப்ட் போடுவார்கள். ஒரு வருடத்துக்குள் அடைத்துவைத்த எம்.எஸ்சி. பாடத்தை வாரம் 20 மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டு படிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஆசிரியரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோடை விடுமுறையில் முழு நேரமும் வேலை பார்க்கலாமே என்பார்கள். அது இளநிலை மாணவர்களுக்கு. முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வறிக்கை எழுதும் அந்தக் கோடையும் படிப்புக் காலம்தான், 20 மணி நேர வரம்பு அப்போதும் உண்டு. சாப்பாடு டெலிவரி பைக் வேலையும் கூடவே கூடாது, அது சுயதொழில் கணக்கில் வரும், மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதியே இல்லை, மாட்டினால் விசாவே போய்விடும். வேறொருவர் பெயரில் உள்ள அக்கவுண்டை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள், அதைப் பார்த்து யாராவது மகளுக்கு யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள். என் கணக்கில் சம்பாத்தியம் பூஜ்யம். வாரம் பத்து மணி நேரம் கிடைத்து மாதம் 550 பவுண்ட் வந்தால் சந்தோஷம், கடனை அந்த அளவுக்குக் குறைவாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது கடன். எஃப்.டி. 18 லட்சத்தையும் உடைக்க நான் சம்மதிக்க மாட்டேன், ஓய்வுக்கு நான்கு வருடம் இருக்கும்போது 8 லட்சமாவது உங்கள் பெயரில் அப்படியே இருக்கட்டும். உங்கள் 10, மகளின் 5 போக, கடன் 33 லட்சம். வட்டி 10.5 சதவீதம் என்று வைத்தால், படிக்கும் காலத்திலும் அதற்குப் பிறகான அவகாசத்திலும் சேரும் வட்டியோடு 38 லட்சம் பக்கம் வந்து நிற்கும், பத்து வருடத்தில் அடைக்க மாதம் 51,000 ரூபாய். மகள் இன்று வாங்கும் சம்பளமே 55,000. பதினைந்து வருடமாக நீட்டினாலும் 42,000.

அங்கேயே வேலை கிடைத்துவிட்டால் இது பெரிய பாரமில்லைதான். ஆனால் படிப்பு முடிந்து வேலை தேட அனுமதிக்கும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் எம்.எஸ்சி.க்காரர்களுக்கு இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அதன் பிறகு தங்க வேண்டுமென்றால் ஸ்பான்சர் செய்யும் கம்பெனி வேண்டும், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கான சலுகை வரம்பே வருடம் 33,400 பவுண்ட் சம்பளம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சென்னைக்குத் திரும்பி வந்து 80,000 சம்பளத்தில் உட்கார்ந்தாலும் கட்டக்கூடிய கடன்தான் வாங்கத்தக்க கடன். அந்தக் கணக்குப்படி 25 லட்சம்தான் உச்சம், சேரும் வட்டியோடு பத்து வருடத்தில் அடைக்க அதற்கே இ.எம்.ஐ. 39,000 வந்துவிடும்.

அப்படியானால் 8 லட்சம் குறைகிறது. அதற்காகத்தான் ஒரு வருடம் பொறுக்கச் சொல்கிறேன். மகள் மாதம் 25,000 சேர்த்தால் 3 லட்சம். மீதிக்கு ஸ்காலர்ஷிப், இந்த முறை முன்கூட்டியே தேட வேண்டும். கிரேட் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று, பிரிட்டிஷ் கவுன்சிலும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து தருவது, இந்தியர்களுக்கு உண்டு, குறைந்தது 10,000 பவுண்ட், அதுவும் கட்டணத்தில்தான் கழியும், பங்கேற்கும் பல்கலைக்கழகங்களில் மட்டும். செலவு குறைந்த ஊரில் 4,000-க்குப் பதில் இது கிடைத்தாலே 7.2 லட்சம் மிச்சம், பள்ளம் அடைந்துவிடும்.

முழுச் செலவும் தருவது செவனிங், பிரிட்டிஷ் அரசின் ஸ்காலர்ஷிப். கட்டணம், மாதப்படி, விமான டிக்கெட் எல்லாம் அவர்களே. 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள், மூன்று வருடம் வேலை பார்த்த மகளுக்கு அது தாராளமாக இருக்கிறது. ஆகஸ்டில் விண்ணப்பம் திறந்து அக்டோபரில் மூடுவது வழக்கம். போட்டி கடுமை, மதிப்பெண்ணைவிடத் தலைமைப் பண்பு, எதிர்காலத் திட்டம் என்றெல்லாம் கட்டுரை கேட்பார்கள். படித்து முடித்ததும் ஊர் திரும்பி இரண்டு வருடம் இருந்தாக வேண்டும் என்பதால் அங்கேயே செட்டிலாக நினைப்பவருக்கு ஒத்துவராது, இதை மகளிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். காமன்வெல்த் ஸ்காலர்ஷிப்பும் முழுச் செலவு தரும், ஆனால் படிக்கும் துறை வளர்ச்சிப் பணிகளுக்கு எப்படி உதவும் என்று காட்ட வேண்டும். பட்டியலினக் குடும்பங்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது, தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டுப் படிப்புக்குத் தருகிறது. மத்திய அரசுத் திட்டத்தில் குடும்ப வருமான வரம்பு 8 லட்சம், மூத்த ஆசிரியர் சம்பளத்துக்கு அது இடிக்கும். இன்லாக்ஸ் ஸ்காலர்ஷிப் பற்றி யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், கணினித் துறைக்கு அவர்கள் தருவதில்லை. ஜே.என்.டாட்டா அறக்கட்டளை தருவது திருப்பிக் கட்ட வேண்டிய கடன், ஆனாலும் விசாரித்துப் பார்க்கலாம்.

வீட்டு அடமானம் பற்றிக் கேட்டீர்கள். சில வங்கிகள் தாங்களே வைத்திருக்கும் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு அடமானமே இல்லாமல் கல்விக் கடன் கொடுக்கின்றன, முதலில் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் வீட்டைக் காட்டலாம், ஆனால் கல்விக் கடனாகவே எடுங்கள், வீட்டின் மேல் பொதுவான அடமானக் கடனாக வேண்டாம். கல்விக் கடனில் படிக்கும்போது பெரும்பாலும் தவணை கிடையாது, பழைய வரி முறையில் இருந்தால் கட்டும் வட்டிக்கு வருமான வரியில் விலக்கு உண்டு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் டி.சி.எஸ். வரியும் வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்குக் கிடையாது. சொந்தப் பணம் என்றால் வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும்போது பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

விசாவுக்குக் காட்டும் பணத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பணம் மகள் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், நடுவில் ஒரு நாள் ஒரு ரூபாய் குறைந்தாலும் போச்சு. தாய்மாமா கணக்கில் இருப்பது செல்லாது. நகை, பங்கு, பி.எஃப். எதுவும் செல்லாது. எடுக்கக்கூடிய எஃப்.டி. செல்லும். வங்கியின் கல்விக் கடன் கடிதத்துக்கு 28 நாள் கணக்கு இல்லை, ஆறு மாதத்துக்குள் தந்ததாக இருந்தால் போதும். வட்டிக்கு வாங்கி 28 நாள் போட்டு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த வருடமே லீட்ஸ் என்று முடிவெடுத்தால், இடத்தை உறுதிசெய்யும் டெபாசிட்டைக் கட்டுவதற்கு முன்னால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் போட்டு மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள். விசா மறுக்கப்பட்டால் டெபாசிட் திரும்ப வருமா, ஸ்காலர்ஷிப் கழித்த தொகையும் கட்டிய டெபாசிட்டும் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சி.ஏ.எஸ். கடிதத்தில் ஏறுமா (ஏறாவிட்டால் முழுக் கட்டணத்துக்கும் பணம் காட்ட வேண்டி வரும்), அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டால் இந்த 4,000 பவுண்ட் கூடவே வருமா. மூன்றாவதற்கு வரும் என்று பதில் வந்தால், இந்த வருடமே போக வேண்டும் என்று கன்சல்டன்சி காட்டும் அவசரத்துக்கு ஒரு காரணமும் இல்லை.