ஜன்னலை நானே மாற்றலாமா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் வீட்டு மர ஜன்னல்கள் உளுத்துவிட்டன, மழைக்கு ஒழுகவும் செய்கின்றன. யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல் வாங்கி நானே பொருத்தலாம் என்று இருக்கிறேன். டிரில், ரம்பம் பிடிக்கத் தெரியும். அளவைச் சொன்னால் செய்து தருகிறோம் என்கிறார்கள். எந்த அளவைச் சொல்வது?"

தரைத்தள ஜன்னல் என்றால் தாராளமாக நீங்களே செய்யலாம். மாடியில், வெளிப்பக்கம் நிற்க இடமில்லாத ஜன்னலை ஆளிடம் விட்டுவிடுங்கள். ஆனால் எதற்கும் முன்னால், ஒழுகுவது ஜன்னல்தானா என்று பாருங்கள். வெளியிலிருந்து ஹோஸ் குழாயால் முதலில் ஜன்னலின் அடிப்பகுதியில் மட்டும் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். உள்ளே ஈரம் வராவிட்டால் பக்கவாட்டில், அப்புறம் மேல்பக்கம். ஜன்னலுக்கு மேலே சுவரில் விடும்போதுதான் ஈரம் வருகிறது என்றால் குற்றவாளி விரிசல். எத்தனை விலைக்கு ஜன்னல் வாங்கினாலும் அது நிற்காது.

சரி, அளவு. சுவரில் இருக்கும் திறப்பு எதுவும் நேர்ச்சதுரமாக இருப்பதில்லை. நான் முதன்முதலில் மாற்றிய ஜன்னலுக்கு நடுவில் மட்டும் டேப் வைத்தேன், 1207 மில்லிமீட்டர். பக்கத்துக்கு ஒரு நூலிழை விட்டால் போதும் என்று 1205 சொல்லி வாங்கி வந்தேன். கீழே பூச்சு புடைத்திருந்ததால் அங்கே 1203தான் இருந்தது. புதுச் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு மத்தியானம் முழுக்க உளியும் கையுமாகப் பூச்சைச் செதுக்கினேன்.

ஆகவே அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும் எடுங்கள். இரண்டிலும் குறைந்த அளவுதான் கணக்கு. அதிலிருந்து 10 மில்லிமீட்டர் கழித்து, பக்கத்துக்கு 5 வீதம் இடைவெளி விட்டு ஆர்டர் கொடுங்கள். 1203 என்றால் 1193. மூலைக்கு மூலை இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் திறப்பு கோணலாக இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்கிறது என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, பூசிச் சரிசெய்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். பழைய சட்டம் உளுத்திருப்பதால் அது முழுதாக வெளியே வந்தாக வேண்டும். அதற்குள்ளேயே புதியதைச் செருகும் யோசனை வேண்டாம். அளக்கும்போதும் மரத்தை அளக்காமல் சுவர் விளிம்பு வரை அளங்கள். பூச்சு மறைத்தால் ஓரத்தில் கொஞ்சம் கொத்திப் பார்ப்பதில் தவறில்லை.

அந்த இடைவெளி வீணல்ல. யுபிவிசி வெயிலில் நீளும். அலுமினியத்தைவிட மூன்று மடங்கு. ஒன்றரை மீட்டர் சட்டம் 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். இறுக்கி அடைத்துவிட்டால் அதற்கு வளைவதைத் தவிர வழியில்லை.

கண்ணாடியின் எடையையும் கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரை கிலோ. 1.2க்கு 1.5 மீட்டரில் 5 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 22 கிலோவைத் தாண்டும். இரட்டைக் கண்ணாடி என்றால் அதன் இரு மடங்கு. துணைக்கு ஒரு ஆள் அவசியம். தரைக்குப் பக்கத்தில் வரும் ஜன்னலுக்கு டஃபன்ட் (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடி கேளுங்கள். அதைப் பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, அளவில் தவறினால் மொத்தமும் நஷ்டம்.

புதியது வீட்டுக்கு வந்து, அதை அளந்து பார்க்கும்வரை பழையதைத் தொடாதீர்கள். எல்லா ஜன்னலையும் ஒன்றாக வாங்கவும் வேண்டாம். குளியலறை ஜன்னலில் கை பழகட்டும். பழைய சட்டத்தைப் பெயர்ப்பதற்கு முன்னால், மேலே லிண்டல் (சுவரின் பாரத்தைத் தாங்கும் விட்டம்) இருக்கிறதா என்று பாருங்கள். செங்கல் நேராக மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

பொருத்தும்போது சட்டத்தை ஆப்புகளின் மேல் உட்காரவைத்து, ரசமட்டத்தைக் கீழே, பக்கத்தில், முன்முகத்தில் என மூன்று திசையிலும் பாருங்கள். ஸ்க்ரூ மூலையிலிருந்து 150 மில்லிமீட்டர் தள்ளி, அப்புறம் 600க்குள் ஒன்று. ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பின்னால் ஆப்பு இருக்க வேண்டும். வெற்றிடத்தில் முறுக்கினால் சட்டம் சுவரை நோக்கி வளையும். இரண்டு ஸ்க்ரூவுக்கு ஒருமுறை ஜன்னலைத் திறந்து மூடிப் பாருங்கள். இடிக்கிறது என்றால் கடைசியாகப் போட்டதைத் தளர்த்துங்கள். இடைவெளிக்குக் குறைவாக உப்பும் ஃபோம், வெளி விளிம்புக்கு நியூட்ரல் (அமிலம் கலக்காத) சிலிகான் பசை.

சட்டத்தின் அடியில், வெளிப்பக்கம் சின்னச் சின்ன நீள்துளைகள் இருக்கும். 'ஓட்டை இருக்கிறதே' என்று அதையும் சிலிகானால் அடைப்பவர்கள் ஏராளம். தண்ணீர் வெளியேறும் வழியே அதுதான். எல்லாம் முடிந்ததும் கீழ்த் தடத்தில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அது வெளியே வடிய வேண்டும், உள்ளே தேங்கக் கூடாது.

சட்டத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை வேலை முடிந்த கையோடு உரித்துவிடுங்கள். சில வாரம் வெயில் பட்டால் பசை இறுகிவிடும், அப்புறம் நகத்தால் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.