தக்காளி சாஸ் பாட்டிலை அழுத்தினால் முதலில் வராமல், பிறகு ஏன் மொத்தமாகக் கொட்டுகிறது?

செங்கோட்டை தாண்டிப் புளியரைப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் கட்லெட் வாங்கினேன். சாஸ் பாட்டிலை அழுத்தினால் முதலில் ‘புர்ர்’ என்று காற்று. அடுத்து இரண்டு சொட்டுச் சிவப்புத் தண்ணீர். மூன்றாவது அழுத்தலில் கட்லெட் மூழ்கிவிட்டது. வெள்ளை வேட்டியிலும் ஒரு பொட்டு.

குற்றம் கையில் இல்லை. சாஸ் ‘அசைத்தால் இளகும்’ பொருள். சும்மா இருக்கும்போது கெட்டியாக நிற்கும். ஓரளவுக்கு மேல் அழுத்தம் கிடைத்ததும் சட்டென்று இளகி ஓடும். அதிலுள்ள தக்காளிச் சதைத் துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலைபோல் நிற்பதே காரணம். அழுத்தம் அந்தப் பிடியை உடைக்கிறது.

புனலூர் பஸ்ஸின் படிக்கட்டு நெரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் ஒருவரும் நகர மாட்டார்கள். ஒரே உந்து உந்தினால் எல்லோரும் சேர்ந்து இறங்கிவிடுவார்கள்!

பாதி காலியான பாட்டிலில் வாய்ப் பக்கம் காற்றுதான் இருக்கும். அது வெளியேறும்வரை நாம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம், வினை அங்கேதான். மூடியைத் திறக்காமல் குலுக்கி, சற்று நேரம் தலைகீழாக வைத்து, பிறகு மெல்ல அழுத்துங்கள். ஹைன்ஸ் நிறுவனம் 2002-இல் மூடி கீழே இருக்கும்படி நிற்கும் பாட்டிலைக் கொண்டுவந்ததும் இந்தத் தொல்லைக்காகத்தான். கடைக்காரர்கள் என்னவோ இன்னும் நேராகத்தான் நிறுத்துகிறார்கள்.

முதலில் வரும் அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கண்டு சாஸ் கெட்டுவிட்டது, தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அசையாமல் இருந்த சாஸிலிருந்து பிரிந்து நிற்கும் அதன் சொந்தச் சாறுதான் அது.